தாத்தாவின் நிலம் எந்த ஏட்டில்? : வாசகர் கேள்வி–பதில்

அரசுப் பதிவேடுகளின் வழியே சொத்தையும் சொந்தங்களையும் தேடுவது குறித்துக் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இம்முறை பதில் தரப்படுகிறது. பெயரைச் சொன்னால் அலுவலகத்தில் ஏட்டைப் புரட்டிச் சொத்தைக் காட்டிவிடுவார்கள் என்ற எண்ணம் பெரும்பாலான கடிதங்களில் தெரிகிறது. நம் பதிவேடுகள் ஊர், எண், ஆண்டு என்ற வரிசையில் அடுக்கப்பட்டவை. ஆளின் பெயரால் நுழையக்கூடிய வாசல்கள் மிகச் சிலவே. அந்த வாசல்கள் எவை, அவற்றின் வழியே எண்ணை எப்படிப் பிடிப்பது என்பதே பெரும்பாலான கேள்விகளின் உட்பொருள்.

கேள்வி: எங்கள் தாத்தாவுக்குப் புவனகிரிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நஞ்சை நிலம் இருந்ததாக அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். தாத்தா இறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அப்பாவும் சென்ற ஆண்டு காலமானார். வீட்டில் பத்திரம் எதுவும் இல்லை. தகரப் பெட்டியில் 'பசலி 1378' என்று எழுதிய ஒரு ரசீது மட்டும் கிடைத்தது. அதில் தாத்தாவின் பெயரும் ஒரு பட்டா எண்ணும் உள்ளன. இதை வைத்து நிலத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: முடியும். ஆனால் தேடத் தொடங்குமுன் அந்த ரசீதைக் கொடுத்தது யார் என்று ஒருமுறை நன்றாகப் பாருங்கள். சிதம்பரம், புவனகிரி வட்டாரத்தில் கோயில்களுக்கும் மடங்களுக்கும் உரிய நிலம் ஏராளம். அவற்றைத் தலைமுறையாகப் பயிரிட்ட குடும்பங்களில் அதை 'எங்கள் நிலம்' என்றே சொல்லி வருவார்கள். உங்களிடம் இருப்பது கர்ணமோ மணியமோ (அக்காலக் கிராம அதிகாரிகள்) அரசுக்காக நிலவரி வசூலித்துக் கொடுத்த கிஸ்தி ரசீதா, தேவஸ்தானமோ மிராசுதாரோ கொடுத்த குத்தகை ரசீதா என்பதைப் பொறுத்துத் தேட வேண்டிய ஏடே மாறிவிடும். குத்தகை ரசீது என்றால், 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி தயாரிக்கப்பட்ட பதிவேட்டில் தாத்தாவின் பெயர் ஏறியதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். பட்டா எண் இருப்பதாக நீங்கள் எழுதியிருப்பதால், அது கிஸ்தி ரசீதாகவே இருக்கக்கூடும் என்று கொண்டு மேலே சொல்கிறேன்.

பசலி என்பது வருவாய்த் துறைக் கணக்கில் வழங்கும் ஆண்டு. அதோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். தமிழ்நாட்டில் பசலி ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி தொடங்குவதால், பசலி 1378 என்பது 1968 ஜூலை முதல் 1969 ஜூன் வரையிலான காலம். அந்த ஆண்டில் உங்கள் தாத்தா பெயரில் அந்தக் கிராமத்தில் தீர்வை கட்டப்பட்டிருக்கிறது என்பது மட்டுமே இதனால் உறுதியாகிறது. அதற்குப் பின் அவர் விற்றிருக்கலாம், ஒத்தி வைத்து மீட்காமல் விட்டிருக்கலாம், உடன்பிறந்தவர்களோடு பாகம் பிரித்திருக்கலாம். ஆகவே உங்கள் தேடல் 1969-இலிருந்து இன்றுவரை வர வேண்டும்.

ரசீதில் உள்ள பட்டா எண்ணை அப்படியே இணையதளத்தில் போட்டுப் பார்த்து, வேறு யாரோ ஒருவர் பெயர் வந்தது என்று பதறுகிறவர்கள் பலர். யு.டி.ஆர். என்று அலுவலகங்களில் சொல்லப்படும் நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம் 1979-இல் தொடங்கி 1987 வரை தமிழ்நாடு முழுவதும் நடந்தது. அதில் பட்டா எண்கள் புதிதாக இடப்பட்டன. எனவே 1968-இன் பட்டா எண்ணுக்கும் இன்றைய பட்டா எண்ணுக்கும் தொடர்பு இருக்காது. தொடர்ந்து வருவது அளவையின்போது நிலத்துக்கு இட்ட புல எண்தான். அதுவும் உட்பிரிவாகிக்கொண்டே போகும். அன்றைய 55/2 இன்று 55/2அ1, 55/2அ2 என்று நான்கைந்து துண்டுகளாகி நிற்கலாம். ஆகவே பழைய பட்டா எண்ணிலிருந்து பழைய புல எண்ணைப் பிடிப்பதும், அதிலிருந்து இன்றைய உட்பிரிவு எண்ணுக்கு வருவதும் உங்கள் முதல் வேலை.

இதற்கு யு.டி.ஆருக்கு முந்தைய சிட்டாவையும் (பட்டாவாரியான ஏடு) 'அ' பதிவேட்டையும் (புல எண்வாரியான ஏடு) பார்க்க வேண்டும். இவை வட்டாட்சியர் அலுவலகப் பதிவறையில் இருக்கக்கூடியவை. அங்கே கிடைக்காவிட்டால் கடலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவறை, அதற்கும் பழையவற்றுக்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். புவனகிரி வட்டம் பின்னாளில் பிரிக்கப்பட்டது என்பதால், பழைய ஏடுகளில் உங்கள் கிராமம் தென்னாற்காடு மாவட்டம், சிதம்பரம் வட்டம் என்ற தலைப்பில் இருக்கும். கடலூர் மாவட்டம் என்ற பெயரே 1993 செப்டம்பர் 30-க்குப் பிறகு வந்தது. இன்னொன்றையும் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள். நாம் ஊர் என்று சொல்வது பல சமயங்களில் வருவாய்க் கிராமத்தின் ஒரு குக்கிராமமாக இருக்கும். ஏடு வருவாய்க் கிராமத்தின் பெயரில்தான் உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நேரில் கேட்டுக் கிடைக்காதபோது தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். ஆனால் 'எங்கள் தாத்தாவின் நிலத்தைக் கண்டுபிடித்துத் தரவும்' என்று எழுதினால் அது தகவல் கேட்பதாகாது, பிராது கொடுப்பதாகிவிடும். இன்ன கிராமத்தின் யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டில், இன்ன பட்டா எண்ணுக்குரிய பதிவுகளின் நகல் வேண்டும் என்று ஏட்டின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

வருவாய்த் துறை ஏட்டோடு நிற்காமல், அதே வேளையில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் விண்ணப்பியுங்கள். ஆளின் பெயரால் நுழையக்கூடிய முக்கியமான வாசல் அங்கேதான் இருக்கிறது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஒவ்வொரு பதிவு அலுவலகமும் முதல் அட்டவணையில் எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்களையும், இரண்டாம் அட்டவணையில் சொத்தின் விவரத்தையும் குறித்து வைக்க வேண்டும். அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம் என்பது அச்சட்டத்தின் 57-ஆம் பிரிவு. நீங்கள் வாரிசு என்று நிரூபித்தால்தான் காட்டுவோம் என்று யாரேனும் சொன்னால் அந்தப் பிரிவைப் பணிவாக நினைவூட்டுங்கள். இணையத்தில் இலவசமாகப் பார்க்கும் வில்லங்கச் சான்று (சொத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல்) பெரும்பாலும் 1975-க்குப் பிற்பட்ட காலத்துக்குத்தான் உதவும். அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கையால் தேடச் செய்ய வேண்டும். அந்தக் கிராமம் ஒரு பதிவு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு எப்போதாவது மாற்றப்பட்டதா என்பதையும் கேளுங்கள். மாற்றத்துக்கு முந்தைய புத்தகங்களுக்கு முந்தைய அலுவலகத்தையே நாட வேண்டியிருக்கும்.

பெயரைத் தேடும்போது பழைய வழக்கத்தை மனத்தில் வையுங்கள். அக்காலப் பத்திரங்களில் பெயரோடு படையாட்சி, பிள்ளை, ரெட்டியார், முதலியார் என்ற பட்டமும், தகப்பனார் பெயரும், குடியிருந்த ஊரும் சேர்ந்தே வரும். அட்டவணையிலும் அப்படியே ஏறியிருக்கும். தாத்தாவின் பெயரையே பேரனுக்கும் வைக்கும் குடும்பங்களில், தகப்பனார் பெயரைப் பார்க்காமல் கிடைத்த முதல் பதிவைத் தாத்தாவுடையது என்று எடுத்துக்கொண்டால் தலைமுறையே மாறிவிடும்.

தாத்தாவின் பெயர் எந்த அட்டவணையிலும் இல்லை என்றாலும் கைவிட வேண்டாம். அவர் நிலத்தைப் பிதுரார்ஜிதமாக, அதாவது முன்னோர் வழியாகப், பெற்றுப் பத்திரமே எழுதாமல் அனுபவித்திருக்கலாம். அப்போது பக்கத்து நிலத்துக்காரரின் பத்திரத்தைத் தேடுங்கள். ஒவ்வொரு கிரயப் பத்திரத்திலும் சொத்து விவரத்தின் கீழ் நான்கெல்லை, அதாவது செக்குபந்தி எழுதப்பட்டிருக்கும். உங்கள் தாத்தா தம் பெயரில் ஒரு பத்திரமும் எழுதாதவராக இருந்தாலும், அண்டை நிலத்துக்காரர் விற்ற பத்திரத்தில் ஓர் எல்லையாக அவர் பெயர் வந்திருக்கும். இதை வாசிக்கும்போது திசையில் கவனம் வேண்டும். 'இன்னார் நிலத்துக்கு வடக்கு' என்று எழுதியிருந்தால் விற்கப்படும் நிலம் அந்த இன்னாரின் நிலத்துக்கு வடபுறம் இருக்கிறது என்று பொருள். அந்த இன்னாரின் நிலம் தெற்கே இருக்கிறது. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு வடக்குப் பக்கத்துப் புல எண்ணைத் துரத்திக்கொண்டிருந்தவர்களை நான் அறிவேன்.

நிலம் அடையாளம் தெரிந்தபின், இன்றைய பட்டா வேறொருவர் பெயரில் இருந்தால் அதுவே முடிவு அல்ல. யு.டி.ஆரின்போது அனுபவத்தில் இருந்தவர் பெயரோ, கூட்டுப் பட்டாவில் ஒருவர் பெயரோ மட்டும் ஏறிய நேர்வுகள் உண்டு. அதைத் திருத்தக் கோரி வருவாய்க் கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் நிலையில் மனுச் செய்ய வழியும் உண்டு. மறுபுறம், வேறொருவர் தமது நிலமாகவே உரிமை கொண்டாடி 12 ஆண்டுகளுக்கு மேல் தடையின்றி அனுபவித்திருந்தால், காலவரையறைச் சட்டம் அவருக்குச் சாதகமாக நிற்கக்கூடும் என்பதையும் அறிந்திருங்கள். எல்லா நகல்களும் கைக்கு வருமுன் அந்த ஊருக்குப் போய் 'இது எங்கள் நிலம்' என்று வாய்திறக்க வேண்டாம். சரியான காகிதம் இல்லாமல் கிளப்பிய பேச்சு, அதுவரை நல்லபடியாக விவரம் சொல்லிக்கொண்டிருந்தவர்களின் வாயையும் அடைத்துவிடும்.

கேள்வி: என் அம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்த 60 குழி நிலம் முள்ளோடைப் பக்கம் இருப்பதாகச் சொல்கிறார்கள். தமிழ்நாடு அரசின் பட்டா இணையதளத்தில் கடலூர் மாவட்டம் முழுவதும் தேடியும் அந்தக் கிராமத்தின் பெயரே வரவில்லை. என்ன செய்வது?
– வாசகி, ரெட்டிச்சாவடி

பதில்: முள்ளோடை எல்லையைத் தாண்டினால் நிலம் புதுச்சேரியைச் சேர்ந்தது, நீங்கள் எத்தனை நாள் தேடினாலும் அது தமிழ்நாட்டு இணையதளத்தில் வராது. பாகூர், நெட்டப்பாக்கம், வில்லியனூர்ப் பகுதிகள் கடலூர், விழுப்புரம் மாவட்டக் கிராமங்களோடு பின்னிக் கிடப்பதால், பேருந்தில் போகும்போது எந்த ஆட்சியில் இருக்கிறோம் என்பதைச் சாராயக் கடைப் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற ஊர் நம்முடையது. உங்கள் அம்மாவின் நிலத்துக்குரிய ஏடுகள் புதுச்சேரி நில அளவை, பதிவேடுகள் துறையிடமும், பாகூர் வட்டாட்சியர் அலுவலகத்திலும், அந்தப் பகுதிக்குரிய சார்பதிவாளர் அலுவலகத்திலும் இருக்கும். புதுச்சேரியின் நிலப்பதிவேடுகள் 'நிலமகள்' என்ற பெயரில் கணினியில் ஏற்றப்பட்டுள்ளன.

புதுச்சேரிப் பத்திரங்களில் இரண்டு எண்கள் வருவதைக் கண்டு குழம்ப வேண்டாம். பிரெஞ்சுக் காலத்து அளவையின் கதாஸ்தர் எண் ஒன்று. இந்திய ஆட்சியில் நடந்த மறு அளவையின் ஆர்.எஸ். எண் மற்றொன்று. பழைய பத்திரத்தில் கதாஸ்தர் எண் மட்டுமே இருந்தால், அதற்கு நேரான ஆர்.எஸ். எண்ணை நில அளவைத் துறையில் கேட்டுப் பெற்ற பிறகே மற்றத் தேடல்களில் இறங்க வேண்டும். பிரெஞ்சு ஆட்சியில் நொத்தேர் (பத்திரம் எழுதிச் சான்றளிப்பவர்) முன்னிலையில் எழுதிய பத்திரம் பிரெஞ்சு மொழியிலேயே இருக்கும். மொழிபெயர்ப்பைச் சான்றளிக்கத் தக்கவரிடம் பெறுங்கள்.

60 குழி என்பது எவ்வளவு என்பதையும் இப்போதே தீர்த்துக்கொள்வது நல்லது. புதுச்சேரி வழக்கில் 24 அடிக் கோலால் அளந்த குழி 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி, ஏறத்தாழ 1 ஏக்கர் 32 சென்ட். அந்தக் கணக்கில் உங்கள் அம்மாவுடையது 34,560 சதுர அடி, அதாவது சுமார் 79 சென்ட். தஞ்சைக் கணக்கில் குழி என்பது 144 சதுர அடிதான். அதன்படி பார்த்தால் 20 சென்ட்டுக்கும் குறைவாகிவிடும். 60 குழி என்று சொன்னவர்கள் எந்தக் கணக்கில் சொன்னார்கள் என்பதைப் பத்திரமும் புல வரைபடமும் சொல்லட்டும்.

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா பிரெஞ்சுக்காரர் காலத்தில் பெயரை மாற்றிக்கொண்டவர் என்றும், அவருடைய தம்பி சைகோனுக்குப் போய்த் திரும்பவே இல்லை என்றும் வீட்டில் சொல்வார்கள். அவர்களுடைய பிறப்பு, திருமணப் பதிவுகளை எங்கே தேடுவது?
– வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: இந்த விஷயத்தில் புதுச்சேரிக்காரர்கள் பாக்கியசாலிகள். ஆற்றின் அக்கரையில் கடலூரில் அதே காலத்தில் பிறந்த ஒருவரின் பிறப்புப் பதிவு ஒற்றை வரியாக இருந்தால் பெரிது. இங்கேயோ எத்தா சிவில் எனப்படும் பிரெஞ்சு முறைப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு முழு வாக்கியங்களில் எழுதப்பட்ட ஒரு சிறு பத்திரமாகவே இருக்கும். குழந்தையின் பிறப்பை வந்து அறிவித்தவர் யார், அவருக்கு வயது என்ன, தொழில் என்ன, எந்த இடத்தில் குடியிருப்பு, தாய் யார், சாட்சிகள் யார் என்பதெல்லாம் அதில் வரும். பிரெஞ்சு முறைப்படி, பின்னாளில் நடந்த திருமணம் முதலியவற்றைப் பிறப்புப் பதிவின் ஓரத்தில் குறித்து வைக்கும் வழக்கமும் உண்டு. ஆகவே நகல் கேட்கும்போது சுருக்கச் சான்று போதும் என்று சொல்லிவிடாமல், ஓரக் குறிப்புகளோடு கூடிய முழு நகல் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். உங்களுக்கு வேண்டிய செய்தி பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருக்கும்.

பெயர் மாற்றம் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணையோடு தொடர்புடையதாக இருக்கலாம். அதன்படி, தம் சாதி, சமய வழக்கப்படியான தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள் ரெனோன்சான்கள் எனப்பட்டார்கள். அவர்கள் ஒரு குடும்பப் பெயரையும் சூட்டிக்கொண்டார்கள். அந்தத் துறப்பு அறிவிப்பே பதிவான ஆவணம்தான். அதற்கு முன் தமிழ்ப் பெயரிலும், அதற்குப் பின் பிரெஞ்சுக் குடும்பப் பெயரிலும் தேட வேண்டும். இரண்டையும் இணைக்கும் பாலம் அந்த அறிவிப்புதான். தமிழ்ப் பெயர்களையும் பிரெஞ்சுக்காரர் தம் காதில் விழுந்தபடி எழுதினார்கள். கிருஷ்ணசாமி அவர்கள் ஏட்டில் கிச்செனசாமி ஆகிவிடுவார். ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடினால் இருக்கிற பெயரும் இல்லை என்றே வரும்.

தேட வேண்டிய இடம், பிறந்த கொம்யூனை, அதாவது உள்ளாட்சிப் பகுதியைப், பொறுத்தது. முத்தியால்பேட்டை புதுச்சேரி நகராட்சிக்குள் வருகிறது. கொள்ளுத்தாத்தா வில்லியனூரிலோ பாகூரிலோ பிறந்திருந்தால் அந்தந்தக் கொம்யூன் பஞ்சாயத்தில் கேட்க வேண்டும். ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால் பத்தாண்டு அட்டவணைகளைப் பாருங்கள். பத்து ஆண்டுகளின் பெயர்கள் அகரவரிசையில் தொகுக்கப்பட்டிருக்கும். இதே பதிவேடுகளின் பழைய படிகளைப் பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த பிரதேசங்களின் தேசிய ஆவணக் காப்பகம் தன் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. வீட்டிலிருந்தபடியே பக்கம் பக்கமாகப் புரட்டலாம். நகராட்சிக்குப் போவதற்கு முன் அங்கே தேடி, பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் எழுத்தரின் முகமும் மலரும். சைகோன் தம்பியின் பதிவுகளுக்கும் அங்கேயே இந்தோசீனப் பகுதியில் பாருங்கள். கிறித்தவக் குடும்பமாக இருந்தால் பங்குக் கோயிலின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளும் உண்டு.

புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் இந்திய–பிரெஞ்சு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தபின் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவுசெய்தவர்கள் குடும்பத்தில் யாராவது இருந்தால், அவர்களுடைய பிற்காலப் பதிவுகளுக்குப் பிரான்சின் நாந்த் நகரில் உள்ள மத்திய எத்தா சிவில் அலுவலகத்துக்கு எழுத வேண்டும்.

கேள்வி: என் சித்தப்பா 1990-களில் பம்பாய்க்குப் போனவர், அதற்குப்பின் ஒரு தகவலும் இல்லை. பூர்வீக நிலத்தை விற்க வேண்டும் என்றால் அவருடைய கையெழுத்தும் வேண்டும் என்கிறார்கள். அவரை எப்படித் தேடுவது?
– வாசகர், வில்லியனூர்

பதில்: முதலில் அந்த நிலத்தின் வில்லங்கச் சான்றை எடுத்துப் பாருங்கள். காணாமல் போனதாக நினைத்துக்கொண்டிருக்கும் ஆள், தம் பங்கை எப்போதோ வந்து விற்றுவிட்டோ, ஒரு சகோதரருக்குத் தம் உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டோ போயிருப்பதும் நடக்கிறது. அப்படி ஒரு பத்திரம் இருந்தால் அதன் சான்றிட்ட நகலை வாங்கிக் கடைசிப் பக்கத்தை நன்றாகப் படியுங்கள். எழுதிக்கொடுத்தவரின் அன்றைய முகவரி முதல் பக்கத்தில் இருக்கும். அதைவிடப் பயன்படுவது கடைசிப் பக்கத்தில் உள்ள இரண்டு சாட்சிகளும் ஆவண எழுத்தரும். முகவரி மாறிப்போகும், ஆனால் சாட்சி போட்டவர் அவரை அறிந்தவர். பெரும்பாலும் அதே ஊர்க்காரர். அவரோ அவர் பிள்ளைகளோ இன்னும் ஊரில் இருப்பார்கள்.

வாக்காளர் பட்டியல் அடுத்த துணை. அது கதவிலக்க வரிசையில் இருப்பதால் ஒருவரை மட்டும் காட்டாமல் வீட்டையும் அண்டை வீட்டாரையும் சேர்த்துக் காட்டும். சிறப்புத் தீவிரத் திருத்தத்தையொட்டிப் பழைய பட்டியல்களும் இணையத்தில் வைக்கப்பட்டன. அவர் கடைசியாக இருந்த முகவரி ஏதேனும் தெரிந்தால் அந்தத் தொகுதியின் பட்டியலைப் பாருங்கள். இந்திய நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் கட்சிக்காரர் பெயரால் வழக்குகளைத் தேடலாம். ஆனால் பொதுவான பெயராக இருந்தால் நூறு பேர் வருவார்கள்.

இவ்வளவுக்கும் பலன் இல்லையென்றால், காவல் நிலையத்தில் காணவில்லை என்ற புகாரை இப்போதாவது பதிவு செய்யுங்கள். ஒருவர் உயிரோடிருந்தால் இயல்பாகவே தகவல் அறிந்திருக்க வேண்டியவர்களுக்கு ஏழு ஆண்டுகளாக ஒன்றும் தெரியவில்லை என்றால், அவர் இறந்ததாகக் கொள்ளச் சாட்சியச் சட்டம் இடம் தருகிறது. இது ஏழாம் ஆண்டு முடிந்த மறுநாள் தானாக நடந்துவிடுவதில்லை. உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கிட்டுத் தீர்ப்புப் பெற வேண்டும். அத்தீர்ப்பு அவர் எந்தத் தேதியில் இறந்தார் என்று சொல்லாது. அவருக்கு மனைவி மக்கள் இருந்தால் பங்கு அவர்களைச் சேரும் என்பதால், அவர்களையும் தேட வேண்டிய கடமை உங்களுக்கு வரும். அவரை விட்டுவிட்டு மற்றவர்கள் மட்டும் விற்கலாம் என்று தரகர் சொல்லும் யோசனைக்கு இணங்க வேண்டாம்.

கேள்வி: என் தங்கை இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் விருப்பத்துக்கு மாறாகத் திருமணம் செய்துகொண்டு போய்விட்டாள். திருமணப் பதிவை வைத்து அவள் இப்போது இருக்கும் முகவரியைப் பெறுவது எப்படி?
– வாசகர், பண்ருட்டி

பதில்: இதற்கு வழி சொல்லப் போவதில்லை. உங்கள் தங்கை வயது வந்தவர். தம் முகவரியை உங்களிடம் சொல்லாமல் இருப்பது அவர் எடுத்த முடிவு. அவருக்கு ஆபத்து என்று உண்மையாகவே கருதினால் காவல் நிலையத்தில் தெரிவியுங்கள். அவர்கள் நேரில் விசாரித்து, அவர் நலமாக இருக்கிறார் என்பதை மட்டும் உங்களுக்குச் சொல்வார்கள். உறவு கொண்டாடவே விருப்பம் என்றால், அவரோடு பேச்சுவார்த்தை உள்ள தோழியரிடமோ உறவினரிடமோ ஒரு கடிதம் கொடுத்தனுப்பி, அவர் பதிலுக்குக் காத்திருங்கள்.

கேள்வி: சுனாமியில் எங்கள் வீட்டுப் பத்திரம், பட்டா எல்லாம் போய்விட்டன. அப்பா பெயரில் இருந்த வீடு என்பது ஊருக்கே தெரியும். இப்போது ஆதாரம் கேட்கிறார்கள்.
– வாசகி, தேவனாம்பட்டினம்

பதில்: பதிவான பத்திரம் என்றால் அசல் போனதால் உரிமை போகாது. சார்பதிவாளர் அலுவலகப் புத்தகத்தில் அதன் படி இருக்கிறது. சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளலாம், அசலில் என்ன எழுதியிருந்தது என்பதை மெய்ப்பிக்க அந்த நகல் செல்லும் என்று பதிவுச் சட்டமே சொல்கிறது. பத்திர எண் நினைவில்லாவிட்டால் அப்பாவின் பெயரால் முதல் அட்டவணையில் தேடச் சொல்லுங்கள்.

கடலோரக் குப்பங்களில் பல வீடுகள் கிராம நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென விடப்பட்ட நிலத்தில், உள்ளவை. அவற்றுக்குப் பத்திரமே இருந்திருக்காது. அப்படியானால் நத்தம் நிலவரித் திட்டத்தின்போது கொடுத்த தோராயப் பட்டாவின் பதிவு வட்டாட்சியர் அலுவலகத்து நத்தம் அடங்கலில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு வரிக் கேட்புப் பதிவேடும் மின் இணைப்பு எண்ணும் அப்பா பெயரில் எந்த ஆண்டு முதல் இருக்கின்றன என்பதற்கும் எழுத்துச் சான்று வாங்குங்கள். தனித்தனியே இவை உரிமைச் சான்று ஆகாவிட்டாலும், ஒன்றுசேர்த்து வைத்தால் அனுபவத்தை நன்றாகவே காட்டும். சுனாமிக்குப் பின் அரசு கட்டிக்கொடுத்த வீடு என்றால் அதன் ஒதுக்கீட்டு ஆணை வேறு கோப்பு. இரண்டையும் ஒரே மனுவில் கலக்க வேண்டாம்.

கேள்வி: என் பெரியப்பா உயில் எழுதி வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன்; படிவம் 16-தான் வந்தது. அப்படியென்றால் உயில் இல்லை என்று அர்த்தமா?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: இல்லை. படிவம் 16 சொல்வதெல்லாம் அந்தச் சொத்தைக் குறித்து, அந்தக் காலத்தில், அந்த அலுவலகத்தின் முதல் புத்தகத்தில் பதிவு எதுவும் இல்லை என்பதே. உயில் மூன்றாம் புத்தகத்தில் ஏறுவது; வில்லங்கச் சான்றில் வராது. அதை எந்தப் பதிவு அலுவலகத்திலும் பதிவு செய்யலாம் என்பதால், சொத்து விருத்தாசலத்தில் இருந்தாலும் உயில் அவர் வேலை பார்த்த ஊரில் இருக்கக்கூடும். பதிவு செய்யாத உயிலும் சட்டப்படி செல்லும். அதற்கு எந்த ஏடும் இல்லை, பீரோவைத்தான் தேட வேண்டும்.

பெரியப்பா உயிரோடிருந்தால் அவரோ அவருடைய முகவரோ தவிர வேறு யாருக்கும் மூன்றாம் புத்தக நகல் தரமாட்டார்கள், தரவும் கூடாது. அவர் காலமாகிவிட்டார் என்றால், இறப்புச் சான்றோடு விண்ணப்பிக்கும் எவருக்கும் நகல் உண்டு. பதிவு செய்யாமல், முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கும் முறையும் இருக்கிறது. அது ஐந்தாம் புத்தகத்தில் குறிக்கப்படும். எழுதியவர் இறந்தபின் விண்ணப்பித்தால், விண்ணப்பதாரர் முன்னிலையில் உறையைத் திறந்து, உயிலை மூன்றாம் புத்தகத்தில் படியெடுத்துவிட்டு, அசலை மீண்டும் அலுவலகத்திலேயே வைப்பார்கள். ஆகவே மூன்றாம் புத்தகத்தில் தேடியதோடு நிறுத்தாமல், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்திலும் ஒரு மனுக் கொடுங்கள்.